ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையின் எடையும் சாப்பாடும்: முதல் நாளிலிருந்து வீடு திரும்பிய பிறகு வரை முழுமையான வழிகாட்டி

நிமோனியா என்று சேர்த்த குழந்தைக்கு நிமோனியாவுக்கான ஊசி நேரம் தவறாமல் போடப்படுகிறது. வயிற்றுப்போக்கு என்று சேர்த்த குழந்தைக்கு டிரிப் ஏறுகிறது. சில நாளில் காய்ச்சல் விட்டுவிடும், பேதி நின்றுவிடும், டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குழந்தை வந்தபோது எத்தனை கிலோ, போகும்போது எத்தனை கிலோ என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பதில் கிடைக்காது. வந்த நோய் சரியாகியிருக்கும், ஆனால் குழந்தை இன்னும் மெலிந்து வீட்டுக்குப் போகும். மெலிந்த குழந்தைக்கு அடுத்த தொற்று சீக்கிரம் வரும், வந்தால் கடுமையாகவும் வரும். திரும்பவும் அதே வார்டுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினை இல்லை. 1974இலேயே அமெரிக்காவின் அலபாமாவில் வேலை பார்த்த சார்லஸ் பட்டர்வொர்த் என்ற மருத்துவர் இதை வெளிப்படையாக எழுதினார். நோயாளியின் உயரமும் எடையும் எழுதப்படுவதில்லை, நாள்கணக்கில் குளுக்கோஸ் டிரிப்பிலேயே வைக்கிறார்கள், டெஸ்ட்டுக்காக வேளைக்கு வேளை பட்டினி போடுகிறார்கள், எவ்வளவு சாப்பிட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை என்று பட்டியல் போட்டார். அரை நூற்றாண்டு ஆன பிறகும் அந்தப் பட்டியலில் அடித்துவிடக் கூடியது அதிகம் இல்லை.

நம் பக்கத்தில் பாதிக் கதை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19.3 சதவீதம் பேருக்கு உயரத்துக்கேற்ற எடை இல்லை. தமிழ்நாட்டில் அது 14.6 சதவீதம். நோயில் விழுந்து வார்டுக்கு வருவதில் இந்தக் குழந்தைகள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

குழந்தையோடு வார்டில் தங்கும் அம்மா, அப்பா, பாட்டிக்காகவும், புதிதாகக் குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்ஸ்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மருத்துவம் செய்வது மருத்துவர் வேலை. ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவர் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கவனிப்பு கூடுதலாகக் கிடைக்கிறது.

படி 1: சேர்த்த அன்றே அளந்துவிடுங்கள்

நான்கு விஷயங்கள் முதல் நாளே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்: எடை, உயரம், மேல்கைச் சுற்றளவு, பாதத்தில் வீக்கம் உண்டா இல்லையா.

எடை பார்க்கும்போது உடுப்பைக் கழற்றிவிட வேண்டும், டயப்பர் இருந்தால் அதையும்தான். எல்லா நாளும் ஒரே தராசு, ஒரே நேரம், முடிந்தால் காலைப் பாலுக்கு முன்னால். தராசு முதலில் சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்க வைத்து நீளம் அளப்பார்கள், அதற்கு மேல் நிற்க வைத்து. ஒரே குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். அதனால் எப்படி அளந்தது என்றும் குறித்து வைப்பது நல்லது.

மேல்கைச் சுற்றளவுக்கு ஒரு நாடா போதும். இடது தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில், கையைத் தொங்கவிட்டு, இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் மெலிவு. அங்கன்வாடியில் வைத்திருக்கும் நாடாவில் சிவப்பு காட்டுவது அதைத்தான். 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், மிதமான மெலிவு. எடை மெஷின் கெட்டுப்போன வார்டிலும் குழந்தையைத் தூக்க முடியாத நிலையிலும் இந்த நாடா கைகொடுக்கும்.

பாத வீக்கத்தைத்தான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். இரண்டு பாதத்தின் மேல்பக்கத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், எடை எவ்வளவு காட்டினாலும் அது கடும் ஊட்டக்குறைவாக இருக்கலாம். முகம் உப்பி, கால் பருத்து, "பிள்ளை நல்லாத்தானே இருக்கான்" என்று பாட்டி சொல்லும் குழந்தை இப்படி இருக்கும். தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாய்ப்பால் நின்று, வெறும் கஞ்சியில் வளரும் பிள்ளையைச் சவலை என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் குழந்தையிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். 1933இல் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் விவரித்ததும் இதே பிள்ளைகளைத்தான். சிறுநீரகக் கோளாறிலும் இப்படி வீங்கும் என்பதால் மருத்துவர் சிறுநீர் டெஸ்ட் எழுதுவார்.

வீட்டிலிருந்து தாய் சேய் நல அட்டையைக் கொண்டுபோயிருந்தால் பழைய எடைகள் அதில் இருக்கும். இன்றைய எடையை மட்டும் பார்ப்பதைவிட மூன்று மாதத்துக்கு முந்தைய எடையோடு வைத்துப் பார்ப்பது நிறையச் சொல்லும்.

படி 2: ஆபத்து எவ்வளவு என்று நான்கு கேள்வியில் பாருங்கள்

நெதர்லாந்து மருத்துவர்கள் உருவாக்கி 2010இல் வெளியான ஒரு சிறு கேள்விப்பட்டியல் பல நாட்டு வார்டுகளில் பழக்கத்தில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. குழந்தையைப் பார்த்தாலே மெலிந்து, தசை குறைந்து தெரிகிறதா? ஆம் என்றால் 1. ஊட்டத்தைத் தின்னும் நோய் இருக்கிறதா, அதாவது பிறவி இதயக் கோளாறு, புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரக நோய், தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை மாதிரி? ஆம் என்றால் 2. கடந்த சில நாளாகச் சாப்பாடு குறைந்திருக்கிறதா, அல்லது வாந்தி, பேதி அதிகமா? 1. எடை குறைந்திருக்கிறதா, கைக்குழந்தை என்றால் ஏறாமல் நிற்கிறதா? 1.

கூட்டினால் சுழியம் வந்தால் பயமில்லை, வாரம் ஒருமுறை எடை பார்த்தால் போதும். 1 முதல் 3 வரை நடுத்தரம். 4 அல்லது 5 என்றால் உணவு ஆலோசகரையும் குழந்தை மருத்துவரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு உணவுத் திட்டம் போட வேண்டும்.

இதில் வரும் பதில்களைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது. மெலிவு இல்லாத குழந்தையோ மிதமான மெலிவுள்ள குழந்தையோ என்றால் படி 3. மேல்கை 11.5க்குக் கீழ், அல்லது உயரத்துக்கேற்ற எடை உலக சுகாதார நிறுவன அட்டவணையில் (நடு அளவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று காட்டும் எண்) மைனஸ் மூன்றுக்குக் கீழ், அல்லது இரண்டு பாதத்திலும் வீக்கம் என்றால் நேராகப் படி 4க்குப் போங்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உணவூட்டக் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வார்டில் இருக்கும் நாள்களில் எடை குறையாமல் காப்பது

முதலில் டிரிப் பற்றி. "குளுக்கோஸ் ஏறுதே, சாப்பாடு எதுக்கு" என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய. 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டில் முழுவதும் ஏறினாலும் உள்ளே போவது 25 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 85 கலோரி. ஒரு சிறு டம்ளர் பசும்பாலில் இருப்பது அவ்வளவுதான். அதிலும் புரதம் துளியும் கிடையாது. நார்மல் சலைன் என்றால் கலோரியே இல்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி வேண்டும். டிரிப் நீர்ச்சத்துக்கு, உப்புக்கு, ஊசி மருந்து போவதற்கு. அது சாப்பாட்டின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. டிரிப் ஏறும்போதே வாய்வழி பால், கஞ்சி கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுக்கலாம் என்பார்.

அடுத்தது வெறும் வயிறு. ஸ்கேனுக்கோ அறுவைக்கோ மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால் பட்டினி தேவைதான். ஆனால் அதற்கு அளவு உண்டு. திட உணவும் மாட்டுப்பாலும் பவுடர் பாலும் 6 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு வரை, தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்பு வரை என்பது பரவலான விதி. சில மருத்துவமனைகள் இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கின்றன. நடப்பது வேறு: "நாளைக்கு ஆபரேஷன், ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். குழந்தையின் முறை மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வரும். பதினைந்து மணி நேரம் பட்டினி. அதனால் இப்படிக் கேளுங்கள்: "சிஸ்டர், இவனை எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க? எத்தனை மணி வரைக்கும் தாய்ப்பால் கொடுக்கலாம்? எத்தனை மணி வரைக்கும் தண்ணி கொடுக்கலாம்?" தள்ளிப்போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே, "இப்ப ஏதாவது கொடுக்கலாமா?" என்று இன்னொரு முறை கேளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கைக்குழந்தைக்கும் மெலிந்த குழந்தைக்கும் நீண்ட பட்டினியில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

மூன்றாவது, கணக்கு நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நேரம், என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு உள்ளே போனது, வாந்தி பேதி உண்டா. இவ்வளவுதான் எழுத வேண்டியது. "சாப்பிட்டான்" என்று மட்டும் சொன்னால் ரவுண்ட்ஸில் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. அரை இட்லி, நான்கு ஸ்பூன் பருப்பு சாதம், 80 மி.லி. பால் என்றால் கணக்குப் போடலாம். உங்கள் டம்ளர் எத்தனை மி.லி. என்று மருந்து அளக்கும் மூடியால் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் நோட்டைப் பார்த்தாலே காலையில் பசிக்கிறதா, ராத்திரியில் குடிக்கிறானா, எந்த மருந்துக்குப் பிறகு வாந்தி வருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதற்கேற்ப மருந்து நேரத்தைக்கூட மாற்றித் தருவார்கள்.

கொடுக்கும் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். காய்ச்சல் குழந்தைக்கு அரோரூட் கஞ்சி, பார்லித் தண்ணி, டீயில் தோய்த்த பிஸ்கட், ரொட்டி என்று நாள்களை ஓட்டக் கூடாது. இவற்றில் மாவும் சர்க்கரையும் தவிர ஒன்றுமில்லை. மாந்தம் என்று சொல்லி முட்டையை நிறுத்துவது, சளி பிடிக்கும் என்று வாழைப்பழத்தை ஒதுக்குவது, பேதி என்று பாலையே நிறுத்துவது, இவை மெலிந்த குழந்தையை இன்னும் மெலிய வைக்கும். வயிற்றுப்போக்கிலும் சாப்பாடு தொடர வேண்டும். தாய்ப்பால் தொடர வேண்டும். ஓஆர்எஸ் கரைசலோடு துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள், ஆறு மாதத்துக்குள் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இலேயே சேர்ந்து அறிவித்தன. பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடாமல் மருத்துவர் எழுதிக் கொடுத்த நாள்களையும் முடியுங்கள்.

சாப்பிட மாட்டேன் என்கிற குழந்தைக்கு, கொஞ்சமாக, கெட்டியாக, அடிக்கடி. குழைந்த சோற்றில் பருப்பும் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால் அளவைக் கூட்டாமலே சத்து கூடும். தண்ணீராக ஓடும் கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்புக்குச் சேராது. கெட்டியாக இருந்தால் விழுங்க மாட்டான் என்றால் முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைத்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, வெந்த கஞ்சி குடிக்கும் சூட்டுக்கு வருமுன் கலக்குங்கள். முளையில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும். தண்ணீர் ஊற்றாமலே இளகுவதால் சத்து குறையாது.

ஐந்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடவில்லை என்றாலோ, மூச்சுத்திணறலால் விழுங்க முடியவில்லை என்றாலோ மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று மருத்துவர் சொல்வார். குடும்பங்கள் இதற்கு மிகவும் பயப்படுகின்றன. குழாய் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. பசி திரும்பும் வரை வயிறும் குடலும் வேலையை மறந்துவிடாமல் இருக்கத்தான் அது. வாயால் சாப்பிட ஆரம்பித்ததும் எடுத்துவிடுவார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை போன்றோருக்கு உட்கார வைக்கும் கோணமும் உணவின் பதமும் முக்கியம். அவர்களுக்கு விழுங்கும் பயிற்சி தரும் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

படி 4: கடும் மெலிவில் முதல் வாரம்

இந்தக் குழந்தையைப் பார்த்ததும் வயிறு நிறைய ஊட்ட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் பட்டினியில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். உடம்பில் பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் வறண்டிருக்கும். திடீரென்று அதிக உணவு போனால் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுபட்டு, இதயம் தடுமாறும். பாசத்தோடு கொடுத்த ஒரு வேளைச் சாப்பாட்டால் உயிர் போவது இப்படித்தான். சொந்தக்காரர்கள் வாங்கிவரும் பிரியாணி, ஹார்லிக்ஸ், பாட்டில் ஜூஸ் எதையும் இந்த நாள்களில் கொடுக்க வேண்டாம்.

1996இல் கிளேர் ஸ்கோஃபீல்டும் ஆன் ஆஷ்வொர்த்தும் பல பத்தாண்டுகளின் மருத்துவமனைக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1950கள் முதல் கடும் ஊட்டக்குறைவுக்குச் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறந்துகொண்டே இருந்தார்கள். மருந்து இல்லாததால் இல்லை, தவறான முறையில் பார்த்ததால்தான். அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் பத்துப் படி முறையை வகுத்துக் கொடுத்தது. நம் ஊர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் பின்பற்றுவது அதைத்தான்.

முதல் கவனம் சர்க்கரையும் சூடும். ரத்தச் சர்க்கரை 100 மி.லி.க்கு 54 மி.கி.க்குக் கீழே போனால் ஆபத்து. விழித்திருக்கும் குழந்தைக்கு 10 சதவீதச் சர்க்கரைக் கரைசல் 50 மி.லி. வாய்வழியாகவோ குழாய்வழியாகவோ கொடுப்பார்கள். மயங்கியிருந்தால் நரம்பு வழியாக. அக்குளில் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உடம்பு குளிர்ந்துவிட்டது. அம்மாவின் நெஞ்சோடு தோல் ஒட்ட அணைத்து, தலைக்கும் சேர்த்துப் போர்த்திவிடுங்கள். ஃபேனுக்கு நேரே படுக்க வைக்காதீர்கள், ஈரத் துணியை உடனே மாற்றுங்கள், குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். சென்னை வெயிலிலும் இந்தக் குழந்தைகள் குளிர்ந்துபோவார்கள்.

நீர் கொடுப்பதும் சாதாரணக் குழந்தைக்குப் போல இல்லை. தோல் சுருங்கி, கண் குழிந்து இருப்பது மெலிவாலும் வரும் என்பதால் நீர்வறட்சியை அளப்பது கடினம். அதிர்ச்சி நிலையில் இருந்தால் தவிர டிரிப் போட மாட்டார்கள். வாய்வழிக் கரைசலே அரை மணிக்கு ஒருமுறை கிலோவுக்கு 5 மி.லி. என்று மெதுவாகப் போகும். நிமிடத்துக்கு மூச்சு 5ம் நாடித்துடிப்பு 25ம் கூடினால் நீர் அதிகமாகிவிட்டது என்று நிறுத்துவார்கள். "தாகமா இருக்கான்" என்று நீங்களாக ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். உடம்புக்குக் காய்ச்சலைக் காட்டக்கூடத் தெம்பு இல்லாமல் உள்ளே தொற்று இருக்கும். இரும்புச்சத்து மட்டும் இந்தக் கட்டத்தில் கிடையாது, ரத்தம் குறைவாக இருந்தாலும் கூட. தொற்று அடங்கும் முன் இரும்பு கொடுத்தால் அது கிருமிக்குத் துணையாகிவிடும். வீட்டில் இருக்கும் டானிக்கைக் கொண்டுவந்து கொடுக்காமல் இருங்கள்.

இனி உணவு. எஃப்-75 என்ற பால் கலவையில் 100 மி.லி.க்கு 75 கலோரி, 0.9 கிராம் புரதம். வேண்டுமென்றே குறைத்து வைத்தது. ஒரு லிட்டருக்கு 300 மி.லி. பசும்பால், 100 கிராம் சர்க்கரை, 20 கிராம் எண்ணெய், மீதி காய்ச்சி ஆறிய தண்ணீர், அதோடு தாது உப்புக் கரைசல் சேர்த்து வார்டுச் சமையலறையில் செய்யலாம். தாது உப்பு இல்லாமல் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அளவு நாளைக்குக் கிலோவுக்கு 130 மி.லி., வீக்கம் அதிகமிருந்தால் 100. ஆறு கிலோக் குழந்தைக்கு 780 மி.லி. அதை இரண்டு மணிக்கு ஒருமுறை என்று பன்னிரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 65 மி.லி.

பன்னிரண்டு வேளை என்றால் நள்ளிரவு, இரண்டு மணி, நான்கு மணியும் சேர்த்துத்தான். பகலில் யாரும் மறப்பதில்லை. ராத்திரி நான்கு மணிப் பால்தான் தவறுகிறது, குழந்தை குளிர்ந்து சர்க்கரை இறங்குவதும் அந்த நேரத்தில்தான். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர் ஒருவர் நாற்பது குழந்தையைப் பார்க்கும் இரவில் நீங்கள் போய் எழுப்பினால் அவர் நன்றியோடுதான் வருவார். பாட்டில் வேண்டாம், பாலாடையோ கிண்ணமும் ஸ்பூனுமோ போதும். நாளைக்குக் கிலோவுக்கு 80 கலோரி கூட வாயால் சேரவில்லை என்றால் மீதியைக் குழாயில் விடுவார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் கலந்த பாலை அடுத்த வேளைக்கு மீத்து வைக்காதீர்கள்.

இந்த வாரத்தில் எடை ஏறவில்லையே என்று கலங்க வேண்டாம். வீங்கியிருந்த குழந்தைக்கு எடை இறங்கவே செய்யும், நீர் வடிவதால். முகம் சுருங்கி, நிஜமான மெலிவு அப்போதுதான் தெரியும். பயந்துபோய் இந்த நேரத்தில் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து இருங்கள், இது குணமாவதன் அடையாளம்.

படி 5: பசி திரும்பியதும்

குழந்தை தானாகக் கிண்ணத்தை இழுக்கும், கொடுத்ததை முடித்துவிட்டு இன்னும் கேட்டு அழும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இது நடக்கும். அப்போது அதே அளவில் எஃப்-100க்கு மாற்றுவார்கள், அதில் 100 மி.லி.க்கு 100 கலோரியும் 2.9 கிராம் புரதமும் இருக்கும். இரண்டு நாள் அளவைக் கூட்டாமல் பார்த்துவிட்டு, பிறகு வேளைக்கு 10 மி.லி. என்று கூட்டிக்கொண்டே போய், குழந்தை மிச்சம் வைக்க ஆரம்பிக்கும் அளவில் நிறுத்துவார்கள். இப்போது நாளைக்குக் கிலோவுக்கு 150 முதல் 220 கலோரி வரை போகும். இரும்புச்சத்தும் இப்போதுதான் தொடங்கும்.

எடை ஏறுவதை நீங்களே கணக்கிடலாம். ஒரு வாரத்தில் 6000 கிராமிலிருந்து 6300க்கு வந்தால் 300 கிராம். ஏழால் வகுத்தால் நாளைக்கு 43. ஆறு கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 7 கிராம். இது நடுத்தரம். 10க்கு மேல் என்றால் நன்றாக ஏறுகிறது. 5க்குக் கீழே என்றால் ஏதோ சரியில்லை. பால் உண்மையில் உள்ளே போகிறதா, ராத்திரி வேளை தவறுகிறதா, சிறுநீர்த் தொற்றோ காதுத் தொற்றோ காசநோயோ ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் கேட்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

விளையாட்டும் சிகிச்சையில் சேர்த்திதான். மெலிந்த குழந்தை சிரிக்காது, எதையும் எட்டிப் பிடிக்காது. மூளை வளரும் வயது என்பதால், நாளைக்கு 15 முதல் 30 நிமிடம் குழந்தையோடு உட்கார்ந்து பேச வேண்டும், பாட வேண்டும், மூடி போட்ட டப்பாவில் பயறு போட்டுக் குலுக்கிக் காட்ட வேண்டும் என்பதைப் பத்துப் படியில் ஒரு படியாகவே வைத்திருக்கிறார்கள். போனைக் கையில் கொடுத்துவிடுவது இதற்கு ஈடாகாது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால்

இங்கே குறி தாய்ப்பாலைத் திரும்பக் கொண்டுவருவதுதான். பால் வற்றிவிட்டது என்று புட்டிப்பாலுக்குப் போன அம்மாவுக்கும் பால் திரும்பும். மெல்லிய குழாயின் ஒரு முனையை மார்க்காம்போடு ஒட்டி, மறு முனையைப் பால் கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தை மார்புக்குச் சற்றுக் கீழே பிடிப்பார்கள். குழந்தை மார்பைச் சப்பும்போது கிண்ணத்துப் பாலும் சேர்ந்து வரும். வயிறு நிறைவதால் குழந்தை விடாமல் சப்பும், சப்பச் சப்பத் தாய்ப்பால் சுரக்கும். முதல் இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். எஃப்-100ஐ அப்படியே இந்த வயதுக்குக் கொடுக்கக் கூடாது, சிறுநீரகம் தாங்காது. அம்மா சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று பார்ப்பதும் வார்டின் வேலைதான். "உனக்குப் பால் இல்ல" என்று மாமியாரோ பக்கத்துப் படுக்கைக்காரரோ சொல்லும் ஒரு வார்த்தை பாலைக் குறைத்துவிடும். அதைத் தடுக்க சிஸ்டரும் குழந்தையின் அப்பாவும் ஒன்றாக நிற்க வேண்டும்.

படி 6: டிஸ்சார்ஜும் அதற்குப் பிறகும்

கடும் மெலிவில் இருந்த குழந்தையைத் தொற்று அடங்கி, வீக்கம் வடிந்து, பசி நன்றாகத் திரும்பிய பிறகே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டதாலேயே குணமாகிவிட்டது என்று ஆகாது. மேல்கை 12.5 செ.மீ.க்கு வந்து, அல்லது உயரத்துக்கேற்ற எடை மைனஸ் இரண்டைத் தாண்டி, இரண்டு வாரம் வீக்கமில்லாமல் இருந்தால்தான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்த்த நாள் எடை, போகும் நாள் எடை, மேல்கை அளவு, அடுத்து வர வேண்டிய தேதி நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் நாளைக்கு ஐந்து வேளை. மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி. குழந்தைக்குத் தனித்தட்டு வையுங்கள். பெரியவர் தட்டில் சேர்த்து ஊட்டினால் எவ்வளவு போனது என்று தெரியாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கலவை ஒன்று எளிது: வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலை 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். அரைத்து வைத்துக்கொண்டால் 86 கிராமில் 330 கலோரி, 11.3 கிராம் புரதம். கூழாகவும் உருண்டையாகவும் கொடுக்கலாம். அதன் விலையையும் டப்பாவில் வரும் ஊட்டச்சத்துப் பவுடரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலக்கடலை நன்றாகக் காய்ந்தது, பூஞ்சை இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள்.

அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும், அதைக் குழந்தைக்கே கொடுங்கள், வீட்டில் எல்லோரும் பங்கிட வேண்டாம். 2022 மே மாதம் உதகமண்டலத்தில் தொடங்கிய "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தில் கடும் மெலிவுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை உணவுப் பொட்டலம் தருகிறார்கள். நிலக்கடலை விழுது, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, விட்டமின் சேர்த்தது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அதைச் சோற்றோடு கலக்காமல் தனியாகக் கொடுத்து, கூடவே காய்ச்சிய தண்ணீர் கொடுக்க வேண்டும். இலங்கையில் இருப்பவர்கள் திரிபோஷா என்ற சத்துமாவை அவர்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டு வாங்கலாம். தமிழ்நாட்டின் அரசு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் அம்மா தங்கும் நாள்களுக்குச் சாப்பாடும், கூலி இழப்புக்கு ஈடாக ஒரு தொகையும் தர வேண்டும் என்று 2011இன் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. அன்றாடக் கூலிக்குப் போகும் அம்மாக்கள் பாதியில் கிளம்பிவிடுவது பெரும்பாலும் பணத்தால்தான். ஆகவே சேரும் அன்றே இதைக் கேட்டுவிடுங்கள்.

திரும்பக் காட்ட வேண்டிய நாள்கள்: ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். நடுவில் அங்கன்வாடியில் எடை. விட்டுப்போன தடுப்பூசிகளையும் இந்த வருகைகளிலேயே போட்டு முடிக்கலாம். எந்த நோய்க்குப் பிறகும் குறைந்தது இரண்டு வாரம் வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

பின்வருவனவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள்: இரண்டு வேளை தொடர்ந்து எதையும் வாங்க மறுப்பது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, பாதத்தில் திரும்பவும் குழி விழுவது, கைகால் ஜில்லென்று ஆவது, எழுப்பினால் சோர்ந்து கிடப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, வலிப்பு. போகும்போது அந்தக் கணக்கு நோட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் குழந்தையை நெஞ்சோடு போர்த்தி வைத்திருங்கள். விழித்திருந்து விழுங்க முடிகிற குழந்தை என்றால், சர்க்கரை கலந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.